எல்லைகள் கரையும் உலகில் வழக்கறிஞர் தொழில்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர். வழக்கறிஞர் ஒருவர் பேசவேண்டிய தலைப்பை நமக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று செயலாளரிடம் கேட்டோம். "வழக்கறிஞர்கள் உருவாவது பள்ளிக்கூடத்தில்தானே, ஐயா?" என்றார். அந்த விடைக்குக் கட்டுப்பட்டே இம்மேடையில் நிற்கின்றோம்.

உலகில் எல்லைகள் கரைகின்றன என்று எங்கும் பேசுகின்றார்கள். சரக்குக்கும் பணத்துக்கும் எல்லை கரைந்திருப்பது மெய். ஏழை உழைப்பாளிக்கும் அது கரைந்திருக்கிறதா? நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுவோம்.

நம்மிடம் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மாணவன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றான். தாயின் நகையும் தந்தையின் ஒன்றரை ஏக்கர் நிலமும் அடகுக்குப் போயின. ஓட்டுநர் வேலை என்றார் தரகர். அங்கே கிடைத்ததோ வெயிலில் கல் சுமக்கும் வேலை. கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். ஏழு மாதக் கூலி வரவில்லை. அவன் கையெழுத்திட்ட தாள் அவனுக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

அவன் தந்தை நம்மிடம் வந்து அழுதார். அவரை அழைத்துக்கொண்டு, நம் பழைய மாணவராகிய வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றோம். நிலத் தகராறிலும் ஜாமீன் மனுவிலும் கெட்டிக்காரர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, எதிர்த்தரப்பு யார்? வழக்கை எந்த நீதிமன்றத்தில் போடுவது?" என்று நம்மையே கேட்டார். அக்கேள்விக்கு அன்று அவரிடமும் விடை இல்லை, நம்மிடமும் இல்லை. தூதரகத்துக்கு மனுக்கள் எழுதி எழுதி, முடிவில் பையன் ஊர் வந்து சேர்ந்தான். கூலி மட்டும் வரவே இல்லை.

பின்னர்தான் நாம் விசாரித்து அறிந்துகொண்டோம். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் என ஒன்று இருக்கிறது. அதன்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடியேற்ற அனுமதி பெறவேண்டும். நம் பையனைத் தரகர் சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டார். எனவே அனுமதியும் இல்லை. பதிவான ஒப்பந்தமும் இல்லை. புறப்படுமுன் சட்டம் அறிந்த ஒருவர் அரைமணி நேரம் அந்தத் தாள்களைப் பார்த்திருந்தால் அந்த நிலம் தப்பியிருக்கும். அப்பையனைப் பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் நிறுத்திவைக்காத குறை நம்முடையது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

எல்லை கடந்த சட்ட அறிவு என்பது பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் அன்று என்பது இதனால் விளங்கும். அது நம் தெருவின் தேவை. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். தாயகம் திரும்பிய பின் சட்டமன்றத்தில் நம் உரிமைக்காக வாதாடினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். ஒரு மொழியில் சொல்லப்படும் துயரம் மற்றொரு மொழியின் நீதிமன்றத்தில் ஏறவேண்டுமானால் இடையில் ஒருவர் நிற்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருப்பார் அல்லவா?

அண்ணல் அம்பேத்கரோ நியூயார்க்கின் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்தின் வழியே பாரிஸ்டர் ஆனவர். அந்தப் படிப்பைக் கொண்டு அவர் எங்கே வந்து நின்றார்? 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாத் ஊரின் குளக்கரையில் நின்றார். நம் மக்கள் அக்குளத்து நீரைப் பருகியதற்கு எதிராகச் சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இதுவே வழக்கம் என்பது அவர்கள் வாதம். அதனை அவர்கள் மெய்ப்பிக்கவில்லை என்று 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகெங்கும் கற்று, ஊர்க்குளத்துக்கு வாதாடுவது: நம் வழக்கறிஞர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு உண்டோ?

இனி, இத்தொழில் இன்று மாறிவரும் வகையைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் இந்நாட்டு வழக்கறிஞர் அனைவரையும் ஒரே அமைப்பில் சேர்த்தது. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கே தொழில் நடத்தலாமா என்னும் கேள்வி சென்னை உயர்நீதிமன்றத்தில் எழுந்து, 2012இல் அங்கே தீர்ப்பாகி, 2018இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. அவர்கள் இங்கே தொழில் நடத்தலாகாது. அவ்வப்போது வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூறித் திரும்பலாம் என்பது முடிவு. 2023இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் புதிய விதிகளை வெளியிட்டு, 2025இல் அவற்றைத் திருத்தியது. பதிவு செய்துகொண்ட வெளிநாட்டவர் அயல்நாட்டுச் சட்டம், பன்னாட்டு நடுவர் தீர்ப்பு முதலிய துறைகளில் இங்கே பணிபுரிய அவை வழி திறந்தன. நம் நீதிமன்றங்களில் எழுந்து வாதாடும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை.

நீதிமன்றத்தின் உள்ளேயும் மாற்றங்கள் நிகழ்கின்றன. 2020இன் கொள்ளைநோய்க் காலத்தில் காணொலி விசாரணை பரவலாயிற்று. 2024 சூலை முதல் நாள் தொட்டுப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் பிரிவு எண்களைப் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கிறது. இயந்திர அறிவும் வந்துவிட்டது. 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், கணினி கற்பனையாகப் படைத்த தீர்ப்புகளை மெய்யென நம்பி மன்றத்தில் காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளாயினர். கருவியைக் கையாளுங்கள், ஆனால் மூலத்தைப் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். விடைநூலைப் பார்த்து எழுதும் மாணவனுக்கு நாம் சொல்லும் அறிவுரையும் இதுவே.

மற்றொன்றையும் கருதவேண்டும். மனிதர்கள் கடல் கடந்தபோது சாதியும் கூடவே கப்பலேறியது. ஆகவே சாதிக்கு எதிரான சட்டமும் கடல் கடக்கவேண்டியதாயிற்று. பிறப்புவழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று, இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு 2002இல் விளக்கம் அளித்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் இதற்கென நிறைவேற்றிய மசோதாவுக்கு அம்மாநில ஆளுநர் ஒப்புதல் மறுத்தார். இப்போராட்டத்தில் சாதி என்றால் என்ன என்பதை உலக மன்றங்களுக்கு விளக்கப் பட்டறிந்தவர் வேண்டும். அந்தப் படிப்பு நம் வீட்டிலேயே இருக்கிறது. அதனைச் சட்டமொழியில் எழுதக் கற்பதே மிச்சம்.

தடைகள் இல்லையா எனில், உண்டு. முதலாவது ஆங்கிலம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2008 முதல் ஆங்கிலத்திலேயே நடந்து வருகிறது. அரசுப் பள்ளியில் தமிழில் பயின்ற பிள்ளை வாசலிலேயே தயங்குகிறான். இரண்டாவது பணம். பட்டம் பெற்ற பின்னும் வருவாயின்றிச் சில ஆண்டுகள் மூத்தவரிடம் பயிலவேண்டும். மூன்றாவது, கைகொடுத்து அழைத்துச் செல்லும் மூத்தவர் நம்மில் குறைவு.

ஆயினும் கதவுகள் சில திறந்துள்ளன; அவற்றை அறியாமல் நிற்பதுதான் குற்றம். பல மாநிலங்களில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிவந்தனர். சட்டம் குறித்த தொகைக்குமேல் வாங்கலாகாது என்று 2024 சூலை 30இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அத்தொகை, முத்திரைத் தீர்வை நீங்கலாக, 125 ரூபாய் மட்டுமே. அயல்நாட்டில் மேற்படிப்புப் படிக்க மைய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருந்து வருகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி அ. வரதராசன் அவர்கள் 1980இல் நம் மக்களில் முதல்வராக உச்சநீதிமன்றம் ஏறினார். கே. ஜி. பாலகிருஷ்ணன் 2007இலும் பி. ஆர். கவாய் 2025இலும் தலைமை நீதிபதிகளாயினர். வழி இருக்கிறது, நடப்பவர் பெருகவேண்டும்.

இளைஞர்களே, உலகச் சட்டம் கற்கப் போகின்றவர் உள்ளூரை மறக்கலாகாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இன் திருத்தம், விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர்க்கு அறிவிப்புப் பெறும் உரிமையைத் தந்தது. எதிரியின் ஜாமீன் மனுவின்போது தம் பக்கத்தைச் சொல்லும் உரிமையும் அதில் உண்டு. இதை அறிந்தவர் நம் தெருவில் எத்தனை பேர்? சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருவாய் எவ்வளவு என்று பாராமலே, பட்டியல் இனத்தவர் எவரும் இலவச வழக்கறிஞரைக் கோரலாம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். ஒன்று, சங்க நூலகத்தில் சட்டத்துக்கென ஓர் அலமாரியும், நுழைவுத் தேர்வுக்கு ஞாயிறுதோறும் ஓர் ஆங்கில வகுப்பும் வேண்டும். அவ்வகுப்பை நாமே ஊதியமின்றி நடத்த இசைகின்றோம். இரண்டு, புதிதாகப் பதிவு செய்யும் நம் வழக்கறிஞர்க்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு சிறு மாதத் தொகை தரவேண்டும். மூன்று, வெளிநாடு செல்லும் எவரும் கையெழுத்திடுமுன் தம் தாள்களைக் காட்ட, மாதம் ஒருநாள் ஒரு வழக்கறிஞர் இங்கே அமரவேண்டும். நாம் முன்னே கூறிய பழைய மாணவர் அதற்கு உடன்பட்டிருக்கிறார். "அன்று விடை தெரியாமல் நின்றேன் ஐயா, இனி அப்படி நிற்கமாட்டேன்" என்றார். இன்று இந்த அவையிலும் வந்து அமர்ந்திருக்கிறார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகள் பள்ளி செல்லவேண்டும் என்று இச்சங்கத்தைத் தொடங்கினீர்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அப்பிள்ளைகள் நீதிமன்றம் ஏறட்டும். பிறர்க்காக வாதாட ஏறட்டும்.