ஓர் எண்ணும் மூன்று பொருளும்



கணினியின் நினைவகப் பயன்பாடு மிகுந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டு, நன்கு இயங்கும் சேவையகத்தை நிறுத்துவோரும், கூடுதல் நினைவகத்துக்குப் பொருள் செலவிடுவோரும் உளர். அவ்வறிவிப்பில் காணும் எண் பொய்யன்று. 'பயன்பாடு' என்னும் ஒரு சொல்லே வெவ்வேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. மொழியைப் பேணும் இவ்வவையில் அப்பொருள்களைப் பிரித்தறிய முயல்வோம்.

எல்எம்டிபி என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அது தன் கோப்பு முழுவதையும் நினைவக முகவரிகளோடு இணைத்துக்கொள்கிறது. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் 100 ஜிகாபைட் கோப்பையும் இவ்வாறு இணைக்கலாம். லினக்ஸின் 'டாப்' கட்டளை, 'விர்ட்' என்னும் தலைப்பின் கீழ் 100 ஜிகாபைட்டுக்கு மேல் காட்டும். இது நூலகத்தின் நூற்பட்டியலைப் போன்றது. நூல்கள் இன்னும் மேசைக்கு வரவில்லை.

நிரல் ஒரு பகுதியைத் தொடும்போதே அது வட்டிலிருந்து நினைவகத்துக்கு வருகிறது. பல கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4,096 பைட். இவ்வாறு வந்து தங்கியவற்றையும் சேர்த்தே 'ரெஸ்' என்னும் எண் காட்டுகிறது. ஆயினும் மாற்றம் பெறாத பக்கம், வட்டில் உள்ளதன் படியே. வேறு நிரலுக்கு இடம் வேண்டுமெனில், எதையும் எழுதிவைக்காமலே இயங்குதளம் அதை விட்டுவிடலாம்.

பத்து நிரல்கள் அதே 2 ஜிகாபைட் பக்கங்களைப் படித்தால், ஒவ்வொன்றின் கணக்கிலும் 2 ஜிகாபைட் ஏறும். கூட்டினால் 20, நினைவகத்தில் உள்ளதோ 2. ஒரே நூலைப் பத்துப் பேர் சூழ்ந்து படிக்கையில், பத்து நூல்கள் என்று எண்ணுவதை இது ஒக்கும். பகிர்ந்த பக்கங்களை வகுத்துக் கணக்கிட 'பிஎஸ்எஸ்' என்னும் அளவு உண்டு. புதிய நிரல்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கக்கூடும் என்பதை 2014 இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட 'மெம்அவைலபிள்' மதிப்பிட்டுக் கூறும்.

எனினும், பெரிய எண்கள் யாவும் தீங்கற்றவை என்று கொள்ளலாகாது. தொடர்ந்து தேவைப்படும் பக்கங்களே நினைவகத்தை விஞ்சினால், விட்ட பக்கத்தையே மீண்டும் மீண்டும் வட்டிலிருந்து கொணர நேரும், சேவை தளரும். அந்நிலையில் நினைவகத்தைக் கூட்டுவது தக்க செலவே.

ஆகவே முகவரிப் பரப்பு, தங்கிய அளவு, இன்றியமையாத் தேவை ஆகிய மூன்றையும் தனித்தனிப் பெயரால் வழங்குவோம். கற்பிப்போரும் கையேடு எழுதுவோரும் இவ்வேறுபாட்டைப் போற்றினால், சேவையகத்தைக் காப்போர் எதைக் கண்டு அஞ்சவேண்டும், எதைக் கண்டு அஞ்சவேண்டாம் என்பதைத் தாமே அறிவர்.