யாருடைய துயரம் துயரமாகக் கேட்கப்படுகிறது?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை. மனநோய்களை எப்படி வகை பிரித்தார்கள் என்கிற வரலாற்றைப் படிக்கும் ஆய்வாளர். இன்று ஒரே ஒரு எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1899இல் ஜெர்மன் மருத்துவர் எமில் கிரெப்ளின் கடுமையான மனநோய்களை இரண்டு பெட்டிகளில் போட்டார். ஒன்று, நாம் இன்று மனச்சிதைவு என்று சொல்வது. மற்றது, மனநிலைக் கோளாறு. அதாவது, ஆழ்ந்த சோர்வு அல்லது கட்டுக்கடங்காத எழுச்சி. இரண்டிலும் சேராதவர்கள் மிச்சமானார்கள். அவர்களுக்கு 1933இல் அமெரிக்காவில் ஜேக்கப் கசானின் வைத்த பெயர்தான் ‘ஸ்கிசோஅஃபெக்டிவ்’. இன்று இதற்குள்ளேயே பைபோலார் வகை, மனச்சோர்வு வகை என்று இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன.

இவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? ஒருவருக்குக் காதில் குரல் கேட்கிறது என்று வையுங்கள். கடும் சோர்வோ எழுச்சியோ இருக்கும் நாட்களில் மட்டும் கேட்டால் அது மனநிலைக் கோளாறு. அவை இல்லாதபோதும் குறைந்தது 2 வாரம் குரல் கேட்டு, ஆனால் நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் சோர்வோ எழுச்சியோ இருந்தால் ஸ்கிசோஅஃபெக்டிவ். சோர்வும் எழுச்சியும் இல்லை, அல்லது கொஞ்ச காலமே இருந்தன என்றால் மனச்சிதைவு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு ஏறத்தாழ இப்படித்தான் சொல்கிறது.

கவனியுங்கள். இந்த விதி துயரத்தை நாள் கணக்கில் எண்ணச் சொல்கிறது. எண்ண வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும். “அந்த நாட்களில் உங்கள் மனசு எப்படி இருந்தது?” என்று யாரும் கேட்கவில்லை என்றால் குறிப்பேட்டில் துயரமே இருக்காது. நோயாளி தானாகவே மனச்சிதைவுப் பெட்டிக்குள் போய்விடுவார்.

யாரைக் கேட்காமல் விட்டார்கள்? அமெரிக்காவைப் பாருங்கள். 1968, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டு வந்த டிஎஸ்எம் இரண்டாம் பதிப்பு, மனச்சிதைவின் ‘பாரனாய்டு’ வகையை விவரிக்கும்போது பகைமையையும் ஆவேசத்தையும் சேர்த்துச் சொன்னது. அதே ஆண்டு வால்டர் புரோம்பெர்க், ஃபிராங்க் சைமன் என்ற இரு மருத்துவர்கள் கறுப்பினக் கைதிகளிடம் கண்ட ஒன்றுக்கு ‘போராட்ட மனநோய்’ என்றே பெயர் வைத்தார்கள். 1974இல் ஹால்டால் மருந்தின் விளம்பரத்தில், முஷ்டி மடக்கிக் கோபமாக நிற்கும் கறுப்பின ஆணின் படம் வந்தது. மிச்சிகனின் அயோனியா மருத்துவமனைப் பதிவேடுகளைப் படித்த ஜோனதன் மெட்சல், மனச்சிதைவு என்ற முத்திரை எப்படிக் கறுப்பின ஆண்களின் மேல் போய் விழுந்தது என்று காட்டியிருக்கிறார்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,657 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்டவர்களில், கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் அதிகம் இருந்தன. குரலும் சந்தேகமும் மருத்துவர் கண்ணில் பட்டன, துயரம் படவில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது? பைபோலாருக்கு லித்தியம் கிடைக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமல் போகலாம். பழைய வகை மருந்துகளை ஆண்டுக்கணக்கில் தின்றவர்களில் சிலருக்கு நாக்கும் வாயும் தானாக அசையும் பாதிப்பு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. பெட்டி மாறினால் வாழ்க்கை மாறுகிறது, தோழர்களே.

இதைக் கேட்டுவிட்டு, “நோயே இல்லை, எல்லாம் சமூகம்தான்” என்று நம்மில் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நோய் உண்மை. மருந்து பலரைக் காப்பாற்றுகிறது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள். 1968இலேயே வில்லியம் கிரியர், பிரைஸ் காப்ஸ் என்ற இரு கறுப்பின மனநல மருத்துவர்கள் ‘பிளாக் ரேஜ்’ நூலில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். இனவெறிக்கு நடுவே உயிர் பிழைக்கத் தேவைப்படும் சந்தேகம் வேறு, நோய் வேறு.

நம் ஊருக்கு வருவோம். விடுதியில் இருக்கும் ஒரு தலித் மாணவர், “எல்லாரும் என்னைப் பத்திப் பேசுறாங்க, என்னையே கவனிக்கிறாங்க” என்கிறார். இது பிரமையா, அனுபவமா? இரண்டுமாகவும் இருக்கலாம். விடுதியில் என்ன நடக்கிறது என்று கேட்காத மருத்துவரால் எப்படிப் பிரித்தறிய முடியும்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையைப் பேசும் 18ஆம் பிரிவில் சாதி என்ற சொல் இருக்கிறது. எதை வைத்து ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லும் 3ஆம் பிரிவில் சமூக நிலை இருக்கிறது, இனம் இருக்கிறது, மதம் இருக்கிறது. சாதி என்ற சொல் இல்லை. சிகிச்சை தருவதில் சாதி வரலாம், நோயைக் கண்டறிவதில் வராது என்று நினைத்தார்களா?

அந்தச் சொல்லை அங்கே சேர்க்கச் சொல்லிக் கேட்போம். அதுவரை ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. நம் தோழர் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, அவர் போட்ட சண்டையை மட்டும் சொல்லாதீர்கள். அவர் தூங்காத இரவுகளையும், சாப்பிடாத நாட்களையும், தனியாக அழுததையும் தேதியோடு எழுதிக் கொண்டு போங்கள். முடிந்தால் அவரையே பேச விடுங்கள்.