எல்லோர் கைக்கும் ஏற்ற மாவு

மாவைப் பிசைந்து உருவம் சமைப்பது நமக்குப் புதிதன்று. கொழுக்கட்டைக்குச் சொப்புப் பிடிக்கும் வீட்டில், அருகே அமர்ந்திருக்கும் குழந்தை ஓர் உருண்டை மாவைக் கேட்டு வாங்கிக் கிளியோ பாம்போ செய்வது இயல்பு. பாண்டுப்பில் வாழும் நம் குடும்பங்களிலும் இது தொடர்கிறது. ஆனால் மும்பையில் கைக்கு எளிதில் அகப்படுவது சப்பாத்திக்குரிய கோதுமை மாவே. உப்பிட்டுப் பிசைந்து உலர்த்தும் அலங்கார மாவும் பெரும்பாலும் மைதாவில் ஆனதே.

கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு இவ்விளையாட்டு துன்பமாக முடியலாம். சிலருக்கு மாவு தோலில் பட்டாலே தடிப்பு உண்டாகும். சிலருக்கு மாவுத்தூள் மூக்கில் ஏறினால் மூச்சுத் திணறும். கடையில் வாங்கும் களிமாவும் காப்பாகாது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிளே-டோ, முன்னர் சுவர்த்தாளின் கரியைத் துடைக்கும் பசையாக இருந்தது. அதில் கோதுமை உண்டு என்பதை அதன் தயாரிப்பாளரே தெரிவிக்கின்றனர். உணவுப் பொட்டலங்களின் மேல் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்க வேண்டுமென்று நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விளையாட்டு மாவு உணவன்று. ஆதலால் அவ்விதிகள் அதனைக் கட்டா.

அரிசி மாவு தகுமே என்று தோன்றலாம். தகும், ஆனால் அதை எங்கே அரைத்தோம் என்பதைக் கருத வேண்டும். பேட்டை மாவு மில்லில் நாள்தோறும் கோதுமை அரைபடும் இயந்திரத்தில் நம் அரிசியை இட்டால், கோதுமைத் தூளும் உடன் வரும். ஆகவே வீட்டிலேயே அரைப்பது நன்று. அரிசி மாவு உலரும்போது வெடிப்பதும் உண்டு.

வெடிப்புக் குறைந்த வேறொரு வகையைச் சொல்வோம். ஆப்பச் சோடா 2 கிண்ணம், கார்ன்பிளவர் என்று விற்கும் மக்காச்சோள வெண்மாவு 1 கிண்ணம், தண்ணீர் ஒன்றேகால் கிண்ணம் ஆகியவற்றைக் கட்டியின்றிக் கரைத்து, இளந்தீயில் கிளற வேண்டும். ரொட்டிக்குரிய மஞ்சள் மக்காச்சோள மாவு இதற்கு உதவாது. மசித்த உருளைக்கிழங்கின் பதம் வந்ததும் இறக்கி, ஈரத்துணியால் மூடி ஆறவிட்டுப் பிசைந்தால் வெண்மையான மாவு கிடைக்கும். அடுப்புவேலை பெரியவர்களுடையது, உருட்டுவதும் வெட்டுவதும் குழந்தைகளுடையது.

நிறத்திற்கு மஞ்சள்தூளைச் சேர்த்தால் மாவு சிவந்து வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான்; காரப்பொருள் மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது. இதைக் கண்ணெதிரே காணும் குழந்தைக்கு அதுவே ஒரு பாடம்.

கால் அங்குலப் பருமனில் தட்டி, மாங்காய், நட்சத்திரம், மயில் என வெட்டி, ஈரமாக இருக்கும்போதே தொங்கவிடத் துளையிட வேண்டும். மழை மாதங்களில் வெயிலை நம்பாமல் மின்விசிறியின் கீழ் வைத்து, அடிக்கடி திருப்பி உலர்த்தலாம். நீர் பட்டால் இம்மாவு இளகும். ஆகையால் வாயிற்படியைவிடக் கொலுப் படியே இதற்கு ஏற்ற இடம்.

இரு எச்சரிக்கைகள் உண்டு. சோடாவோ உப்போ மிகுந்த மாவைச் சிறு குழந்தை விழுங்கினால் பெருந்தீங்கு நேரும். பெரியவர் கண் அகலக் கூடாது. மக்காச்சோளமும் ஒவ்வாதவர் உளர்; கையில் கடலையெண்ணெய் தடவிப் பிசைவதும் சிலருக்கு ஆகாது. ஆதலால் மாவு பிசையுமுன் கூடியிருக்கும் ஒவ்வொரு குழந்தையின் தாயையும் கேட்டறிவது முறை.

ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு மட்டும் தனி மாவு கொடுத்துத் தனியே உட்கார வைப்பது எளிது. ஆனால் பக்கத்துக் குழந்தையின் கையிலுள்ள கோதுமை மாவு மேசைவழியே அதனிடம் வந்து சேரும். தான் விலக்கப்பட்டோம் என்ற வருத்தமும் மிஞ்சும். எல்லோருக்கும் ஒரே மாவைக் கொடுத்துவிட்டால் இவ்விரண்டும் இல்லை. மிஞ்சிய மாவை மூடியிட்ட டப்பாவில் வைத்து, அதில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று தமிழிலும் மராத்தியிலும் எழுதி ஒட்டிவிடுவோம். அடுத்த வீட்டுக் குழந்தையும் அஞ்சாமல் எடுத்து விளையாடும்.