கடிதங்கள் வீடு மாறும்போது

ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடி என்றோர் ஊர் உண்டு. அதைக் கடந்தால் கர்நாடக மாநிலத்து அத்திப்பள்ளி. 2017-ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும்வரையில், இந்த எல்லையில் லாரிகள் வரிசையில் நிற்பது அன்றாடக் காட்சி. ஓட்டுநர் பட்டியலை நீட்டுவார். பட்டியலும் சரக்கும் ஒத்திருந்தால்தான் வண்டி நகரும். அந்த வணிகவரிச் சாவடிகள் இன்று இல்லை. ஆயினும் அவை கற்பித்த பாடம் ஒன்று உண்டு: இடம்விட்டு இடம் செல்லும் பொருளுக்குப் பட்டியல் வேண்டும், புறப்பட்ட எண்ணிக்கையும் போய்ச் சேர்ந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இப்பாடம் இரும்புக்கும் துணிக்கும் மட்டுமன்று, நம் மேசைக் கணிப்பொறியில் உறங்கும் மின்னஞ்சல்களுக்கும் பொருந்தும் என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

ஓசூரில் பெரிய தொழிற்பேட்டையை நிறுவிய சிப்காட் நிறுவனம் 1971-இல் தோன்றியது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், வலைப்பின்னல் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் இருப்பிடத்துக்கும் இடையே நாம் இடும் சுழிக்குறியைத் தேர்ந்தவரும் அவரே. இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. அதன்பின் தொழிற்பேட்டையின் விலைப்புள்ளி, வரைபடம், ஆர்டர் யாவும் சிறிது சிறிதாக மின்னஞ்சலுக்கு மாறின.

எனக்கு அறிமுகமான ஒருவர் ஓசூரில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறார். ஓர் ஆலைக்கு உலோக புஷ்களைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். ஒருமுறை அந்த ஆலையார் தொலைபேசியில் அளவைச் சிறிது மாற்றச் சொன்னார்கள். அவரும் முறைப்படி, "தாங்கள் கூறியபடியே மாற்றிச் செய்கிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வேலையை முடித்தார். பின்னொரு நாள், அளவு பிழை என்று கூறி அந்தச் சரக்குக்கு உரிய பணம் நிறுத்தப்பட்டது. சான்றாகிய மடலைத் தேடினார், இல்லை. இடையில் அவர் புதிய கணிப்பொறி வாங்கியிருந்தார். மடல்களை மாற்றித் தந்த இளைஞர், வந்த மடல்களை மட்டும் மாற்றியிருந்தார்; அனுப்பிய மடல்களின் உறையைத் தொடவேயில்லை. பழைய கணிப்பொறியோ காயலான் கடைக்குப் போய்விட்டது. சிறு தொழிலாளர் தந்த சரக்கை ஏற்றுக்கொண்டால் 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் சட்டத்தின் துணையை நாடுவோர் கையில் சான்று இருக்க வேண்டும் அன்றோ?

அந்த மடல் ஏன் வேறெங்கும் கிடைக்கவில்லை? மின்னஞ்சலைப் பெறுவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. 'பாப்' என்பது முதல் முறை. அதில் தபால் நிலையத்துக்குச் சென்று கடிதங்களை வாங்கி வந்து வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதுபோல, மடல்கள் கணிப்பொறிக்குள் இறங்கிவிடுகின்றன. பெரும்பாலும் நிலையத்தில் பிரதி தங்குவதில்லை. அனுப்பிய மடலின் பிரதியும் வீட்டிலேயே கிடக்கும். 'ஐமேப்' என்பது மற்றொரு முறை. அதில் மடல்கள் நிலையத்திலேயே இருக்கும். நாம் சென்று படித்து வருகிறோம். நம் பட்டறைக்காரர் கையாண்டது முதல் முறை. பெட்டி போயிற்று, மடலும் போயிற்று.

வீடு மாறாமல் இருந்துவிடலாமே என்று கேட்கலாம். ஆனால் வீடே இடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் எங்கும் வழங்கிய அவுட்லுக் எக்ஸ்பிரஸ், 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது கைவிடப்பட்டது. விண்டோஸ் மெயில் என்னும் செயலிக்கு 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. நம் மத்திய அரசுமே வீடு மாறியிருக்கிறது. ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்டன என்ற செய்தி 2025 அக்டோபரில் வெளியாயிற்று. முகவரி மாறவில்லை, மடல்கள் தங்கும் இல்லம் மாறியது.

இந்தப் பெயர்ச்சிக்கு உதவும் மென்பொருளை எவ்வாறு கையாள்வது? முதல் வேலை, பழைய மடல் கோப்புகளை அப்படியே ஒரு தனி வட்டில் பிரதி எடுத்து வைப்பது. அடுத்து, மென்பொருளை அதைச் செய்தவரின் தளத்திலிருந்தே பெறவேண்டும். நிறுவும்போது கணிப்பொறி காட்டும் வெளியீட்டாளர் பெயரைப் படித்துப் பார்த்தல் நலம். நம் மடல் அனைத்தையும், கடவுச்சொல்லையும் காணப்போகும் கருவியன்றோ அது! புதிய இல்லத்தார் பலர், வெளி மென்பொருளுக்கென்றே தனிக் கடவுச்சொல் வழங்குகின்றனர். அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே முழுவதையும் ஏற்றிவிடலாகாது. பத்து மடல்கள் உள்ள சிறிய உறை ஒன்றை முதலில் அனுப்பிப் பாருங்கள். தேதிகள் சரியாக உள்ளனவா? சில கருவிகள் பத்தாண்டுக்கு முந்தைய மடலுக்கும் இன்றைய தேதியை இட்டுவிடும். இணைப்புகள் திறக்கின்றனவா? இணைப்புகள் மடலில் ஏறும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பருக்கின்றன. 15 மெகாபைட் வரைபடம் ஏறத்தாழ 20 மெகாபைட் ஆகிறது. புதிய இல்லம் வகுத்த அளவை மீறினால் அம்மடல் வாசலிலேயே நின்றுவிடும்.

தமிழ் மடல்கள் உள்ளவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன், திஸ்கி, டாப், டாம் என்று பல குறியீட்டு முறைகள் வழங்கின. டாப், டாம் இரண்டையும் தமிழக அரசு 1999-இல் ஏற்றிருந்தது. 2010-இல்தான் யூனிகோடை ஏற்றது. அக்காலத்து மடல்கள் இன்று பொருளற்ற குறிகளாகத் தோன்றலாம். அழிந்துவிட்டன என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள்; உரிய மாற்றியில் இட்டால் தமிழ் மீண்டும் துலங்கும்.

சோதனை தேறியபின் முழுப் பயணத்தைத் தொடங்கலாம். கணிப்பொறி தானே உறங்கிவிடாதபடி அமைத்துவிட்டு இரவில் ஓடவிடுவது வசதி. நடுவில் மின்சாரம் நின்றாலும் அஞ்ச வேண்டுவதில்லை. மடல்கள் ஒவ்வொன்றும் தமக்கென ஓர் அடையாள எண்ணைத் தாங்குவது வழக்கம். நல்ல கருவி அதைக் கண்டு, சென்றவற்றை விடுத்து எஞ்சியவற்றை மட்டும் அனுப்பும்.

மறுநாள் காலை, உறை உறையாக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வந்தவை எத்தனை, அனுப்பியவை எத்தனை, பழைய இல்லத்தில் எத்தனை, புதியதில் எத்தனை? மாணவர்களே, உங்களுள் பலர் நாளை ஏதேனும் ஒரு பட்டறையிலோ அலுவலகத்திலோ இப்பணியைச் செய்யக்கூடும். கருவியை ஓட்டுவது எளிது. எண்ணிப் பார்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அந்த இளைஞர் அன்று ஐந்து நிமிடம் எண்ணிப் பார்த்திருந்தால், ஒரு மனிதரின் பல நாள் உழைப்புக்குச் சான்று நிலைத்திருக்கும். எண்ணிக்கை ஒத்துவரும்வரையில் பழைய கணிப்பொறி காயலான் கடைக்குப் போகவேண்டாம்.