மழைமானிக்கு வெளியே பெய்யும் மழை



1992ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி, கொழும்பின் மழைமானி 24 மணித்தியாலத்தில் 493.7 மில்லிமீற்றர் மழையைப் பதிந்தது. இந்த நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில்தான். ஆண்டு மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் வந்து இறங்கிவிட்டது. அந்த நாளை நேரில் கண்டவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நான் பேச வந்தது அந்த எண்ணைப் பற்றி.

எண் எங்கிருந்து வருகிறது? ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து. பழைய பிரித்தானிய முறை மழைமானியின் வாய் 5 அங்குல விட்டமுடையது. பரப்பு 127 சதுர சென்ரிமீற்றர். கொழும்பு மாநகரசபையின் எல்லைக்குள் இருப்பது 37 சதுர கிலோமீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் ஏறத்தாழ 290 கோடி வரும். நகரத்துக்கு ஒரே ஒரு மானிதான் என்றால், தன்னைப் போல் 290 கோடி மடங்கு பரப்பின் சார்பில் அது சாட்சி சொல்கிறது. வேறெந்தத் துறையிலாவது இத்தனை சிறிய மாதிரியை வைத்து இத்தனை பெரிய தீர்ப்பு எழுதுவார்களா என்பது எனக்கு ஐயம்.

493.7 மில்லிமீற்றர் நகரம் முழுவதும் ஒரே சீராகப் பெய்தது என்று எடுத்தால், மாநகரசபை எல்லைக்குள் மட்டும் விழுந்த நீர் ஏறத்தாழ 1 கோடி 80 லட்சம் கன மீற்றர். நகரத்தின் சராசரி 350 மில்லிமீற்றர்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அது 1 கோடி 30 லட்சமாகக் குறையும். இடையில் 50 லட்சம் கன மீற்றர் நீர் நிற்கிறது. கால்வாயை எத்தனை அகலம் வெட்டுவது, எத்தனை பம்பு வைப்பது என்பதெல்லாம் அந்த 50 லட்சத்துக்குள் அடங்கிக் கிடக்கிற கேள்விகள்.

இத்தனைக்கும் மானி தன் வாய்க்குள் விழவேண்டியதைக்கூட ஒழுங்காகப் பிடிப்பதில்லை. விளிம்பில் மோதும் காற்று மேலெழுந்து துளிகளை அப்பால் தள்ளிவிடும். காற்றோடு பெய்யும் மழையை மானி எப்போதும் குறைத்தே சொல்லும். தானாகப் பதியும் மானிகளில் இரண்டு சின்னஞ்சிறு வாளிகள் தராசுபோல மாறி மாறிச் சரியும். ஒவ்வொரு சரிவுக்கும் 0.2 மில்லிமீற்றர் என்று எண்ணிக்கொள்ளும். தூறலுக்கு இது போதும். கொட்டித் தீர்க்கும்போது ஒரு வாளி சரிந்து மற்றது நிமிர்வதற்குள் விழும் நீர் கணக்கில் ஏறாமல் போய்விடும். நமக்குத் துல்லியம் எப்போது மிக அவசியமோ, அப்போதே கருவி தடுமாறுகிறது. திருத்தக் கணக்குகள் உண்டு. ஆனாலும் வெள்ளத்தைப் பற்றி ஒரு பொறியியலாளர் தசம இலக்கத்தோடு பேசினால், அந்தத் தசமத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக் கேளுங்கள்.

ஒரு புள்ளியில் அளந்த மழையை ஒரு பரப்பின் மழையாக எப்படி மாற்றுவது என்ற கேள்வியைத் தன் வாழ்நாள் வேலைகளுள் ஒன்றாக்கிக்கொண்டவர் நம் நாட்டிலிருந்து போனவர்: முருகேசு சிவபாலன். 1975இல் பேராதனையில் குடிசார் பொறியியல் பட்டம், பின்னர் பாங்கொக்கின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம், 1986இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். 1988 முதல் பேர்த்தில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகம்; 2005 முதல் அமெரிக்காவின் இலினோய். ஐரோப்பாவின் டால்ட்டன் பதக்கம் 2003இலும், அமெரிக்கப் புவிப்பௌதிகச் சங்கத்தின் ஹோர்ட்டன் பதக்கம் 2011இலும் கிடைத்தன. (நம் ஹோர்ட்டன் சமவெளி ஒரு ஆளுநரின் பெயரால் வந்தது, பதக்கத்துக்குரிய ரொபர்ட் ஹோர்ட்டன் வேறு ஆள், அமெரிக்க நீரியலாளர்.) பதக்கப் பட்டியலை இத்துடன் விடுகிறேன். கொழும்புத் தமிழர் நாம் இசைவாணர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் அறிந்த அளவில் பாதிகூட இவரை அறியவில்லை என்பது மட்டும் என் மனத்தாங்கல்.

ரொபர்ட் ஹோர்ட்டன் 1930களில் சொன்னது எளிமையானது: மண் உறிஞ்சும் வேகத்தை மழை மிஞ்சினால் மிஞ்சியது ஓடும். பின்னால் வந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மண் ஏற்கெனவே நிறைந்து ஊறிக்கிடக்கும் தாழ்நிலத்தில், மெல்லிய மழைகூட அப்படியே ஓடிவிடும். பிரின்ஸ்ரனில் எரிக் வூட், கீத் பெவன் ஆகியோருடன் சேர்ந்து சிவபாலன் செய்தது, இரண்டு வகை ஓட்டத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்து, எந்த நிலத்தில் எது மேலோங்கும் என்று பார்த்தது. கொழும்புக்காரருக்கு இது புத்தகச் சமாச்சாரமாகத் தோன்றவேண்டாம். ஆமர் வீதியில் அரை மணி மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்பது முதல் வகை: கொங்கிறீற்று எதையும் உறிஞ்சாது. கொலன்னாவைச் சதுப்பு நிரம்பி வீடுகளுக்குள் ஏறுவது இரண்டாம் வகை. ஒரே நகரம், ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றதற்கு உதவாது.

1998இல் ஒஸ்திரியாவின் குந்தர் புளோஷ்லுடன் சேர்ந்து சிவபாலன் எழுதிய கட்டுரைதான் 493.7 என்ற எண்ணுக்கு நேராக வருகிறது. மழைமேகம் ஒன்றுக்கு ஓர் எட்டு உண்டு. எத்தனை கிலோமீற்றர் தள்ளிப் போனால் இங்கே பெய்வதற்கும் அங்கே பெய்வதற்கும் தொடர்பு அற்றுப்போகிறது என்பதே அந்த எட்டு. இடிமழையின் எட்டு குறுகியது, தாழமுக்கத்தால் வரும் அடைமழையினது நீளமானது. நீரேந்துப் பகுதி அந்த எட்டைவிடப் பெரிதாகப் பெரிதாக, புள்ளி மழைக்கும் பரப்பு மழைக்கும் இடையிலான இடைவெளி விரியும். அரிதான, உக்கிரமான மழைகளில் அந்த இடைவெளி இன்னும் கூடும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று நாம் சொல்லும்போது, ஒரு மானிக்கு நூறாண்டா, நகரத்துக்கு நூறாண்டா என்று முதலில் கேட்கவேண்டும். திட்ட அறிக்கைகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வெள்ளவத்தைக்காரரும் கொட்டாஞ்சேனைக்காரரும் ஒரே அவையில் இருப்பதால் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த நகரத்தின் நீர் வெளியேறும் வாசல்களில் இரண்டு உங்கள் வீட்டருகேதான் இருக்கின்றன. தெற்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும், காலி வீதியையும் கடலோர ரயில் பாதையையும் கடந்து கடலில் விழுகின்றன. வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் பிரித்தானியர் காலத்துச் சுரங்கம் ஒன்று. உலக வங்கியின் கடனில் 2012இல் தொடங்கிய கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் புதிய சுரங்கம் ஒன்றும் அங்கே அமைந்தது. மூன்றாவது வழி களனி கங்கை. களனி பெருகிவிட்டால், அதன் நீர் நகருக்குள் வராதபடி நாகலகம் வீதியில் மதகு மூடப்படும். அப்போது நகரத்து மழை பெரும்பாலும் கடலோர வாசல்களைத்தான் நம்பியிருக்கிறது. வெள்ளவத்தை வாயில் அலை மண்ணைக் கொண்டுவந்து குவித்து அடைத்துவிடும். நகருக்குள் எவ்வளவு நுட்பமான கணக்குப் போட்டாலும், அந்த மணல் திட்டு வெட்டப்பட்டதா இல்லையா என்பது அதைத் தலைகீழாக்கிவிடும். கணினிக்குள் வெள்ளத்தை ஓடவிட்டுப் பார்ப்பவர் இடைக்கிடை காலி வீதிப் பாலத்தில் நின்றும் பார்க்கவேண்டும்.

களனியின் மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோல் தனிக் கதை. 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனிக்கு 2,300 சதுர கிலோமீற்றர் அளவான வடிநிலம். சிவனொளிபாதமலைச் சரிவில் விழும் மழை நோர்வூட், கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹன்வெல்ல என்று ஒவ்வொரு அளவுகோலாகத் தாண்டி வந்து கடைசியாக இங்கே தலைகாட்டும். மேலே உள்ளவை மீற்றரில் பேச, இது மட்டும் நெடுங்காலம் அடியில் பேசிக்கொண்டிருந்தது. 5 அடி என்றால் சிறுவெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். 1947இல் 12 அடியைத் தாண்டியது. 1989இல் 9 அடியை. 2016 மே மாதத்தில் 7 அடியை. அந்த மே மாதம் கொழும்பில் வானம் வெளுத்த பிறகும் ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது கொழும்பின் மழையால் அல்ல.

களனிக்காவது இத்தனை அளவுகோல்கள். பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1969இல் வெளியிட்ட இலங்கை நீர்வளம் பற்றிய நூலைப் புரட்டினால், இந்தச் சிறு தீவில் 103 ஆற்று வடிநிலங்கள் என்று காண்பீர்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியை நன்னீராக்கும் திட்டத்தால் நாம் அவரை நினைக்கிறோம். எனக்கு அந்த 103 பெரிதாகப் படுகிறது. அவற்றுள் பல சின்ன ஆறுகள். கோடையில் வற்றி, மாரியில் பாலத்தை உடைப்பவை. எல்லாவற்றிலும் அளவுகோல் நாட்டி, முப்பது நாற்பது ஆண்டுப் பதிவு சேர்த்து, பிறகு கணக்குப் போடுவது என்றால் நடக்கிற காரியமில்லை. உலகின் பெரும்பாலான ஆறுகளுக்கும் இதே நிலைதான். அளவே இல்லாத ஆற்றில் வெள்ளத்தை எப்படி முன்கூட்டிச் சொல்வது? சர்வதேச நீரியல் அறிவியல் சங்கம் 2003 முதல் 2012 வரையான பத்தாண்டை இந்த ஒரு கேள்விக்கே ஒதுக்கியது. அதை முன்னின்று தொடங்கிவைத்தவர் சிவபாலன். மழையும் மண்ணும் சரிவும் ஒத்த, அளவுள்ள ஆறுகளைத் தேடி, அவற்றின் நடத்தையிலிருந்து அளக்கப்படாத ஆற்றை ஊகிப்பது அதன் வழி. 2013இல் புளோஷ்லும் சிவபாலனும் பிறரும் அந்தப் பத்தாண்டின் அறுவடையைப் பெருநூலாகத் தந்தார்கள். எந்த முறை எங்கே பிழைக்கிறது என்பதை மறைக்காமல் அதில் ஒப்பிட்டிருக்கிறார்கள். வறண்ட பிரதேசத்து ஆறுகளில் ஊகம் தடுமாறுவது பளிச்சென்று தெரிகிறது. நம் வறண்ட வலயத்துக்கு அது நல்ல செய்தியில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டில் பெருந்தொகையானோரைக் கொன்றது மண்சரிவு. சரிந்த சாய்வுகளிலிருந்து மழைமானி எத்தனை தூரத்தில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அளக்கப்படாத ஆறு என்பது அப்போது ஆய்வுத் தலைப்பாக இராது. லயன் வீடுகளுக்கு மேலே இருக்கும் மலை என்று ஆகிவிடும்.

2012இல் சிவபாலன், புளோஷ்ல், ஹுபர்ட் சாவெனையே மூவரும் இன்னொரு வாசலைத் திறந்தார்கள். மனிதரை ஆற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆற்றைக் கணிக்க முடியாது என்றார்கள். அணை கட்டுகிறோம், வெள்ளம் வருவது குறைகிறது, பயம் தெளிகிறது, அணையின் ஓரத்திலேயே வீடு கட்டுகிறோம், என்றோ ஒருநாள் அணையை மிஞ்சும் வெள்ளம் வரும்போது சேதம் முன்னிலும் பெரிதாகிறது. இந்தக் கவலை புதிதல்ல, அமெரிக்காவில் கில்பர்ட் வைற் 1940களிலேயே எழுதியதுதான். புதிது என்னவென்றால், வெள்ளத்தைப் பற்றிய மக்களின் ஞாபகத்தையும் ஒரு மாறியாகச் சமன்பாட்டுக்குள் வைத்து, அது ஆண்டுக்கு ஆண்டு தேய்வதையும் ஆற்றின் மட்டத்தோடு சேர்த்தே கணிக்கும் மாதிரிகள் இந்த வழியில் பிறந்தன. களனிக் கரையில் 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்திலிருந்து அணைகள் உண்டு. 1989க்கும் 2016க்கும் இடையில் 27 ஆண்டுகள். அந்த 27 ஆண்டுகளில் சதுப்பு எவ்வளவு நிரவப்பட்டது என்று வெல்லம்பிட்டியவில் யாரும் சொல்வார்கள். 2010 நவம்பரில் பாராளுமன்றமே நீருக்குள் நின்ற பிறகு, சதுப்பை மழைநீர் தங்கும் இடமாகக் காணும் பார்வை அரசாங்கத்தில் வலுப்பெற்றது. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாகவும் அங்கீகரிக்கப்பட்டது.

இங்கே எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. ஒரு நகரத்தின் ஞாபகத்தை ஒரே எண்ணாக வைத்தால், புள்ளியைப் பரப்பாக எண்ணும் பழைய தவறு மாறுவேடத்தில் திரும்பி வந்துவிடும். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் இருப்பவருக்கு 2016 என்பது மின்சாரம் போன இரண்டு நாள். கொலன்னாவையில் தரைவீட்டில் இருப்பவருக்கு அது கட்டில், பிள்ளையின் பாடசாலைப் புத்தகங்கள், தையல் இயந்திரம், வாடகைக்கு எடுத்த முச்சக்கரவண்டி. முன்னவர் மறக்கலாம். பின்னவர் மறக்கவில்லை, போக வேறிடம் இல்லாததால் அங்கேயே இருக்கிறார். மாதிரியின் கண்ணுக்கு இருவரும் ஆபத்தை மறந்து அணையோரம் குடியிருப்பவர்களாகவே தெரிவார்கள். மழைக்கு எட்டு உண்டு என்று காட்டியவர்களின் வழியிலேயே ஞாபகத்துக்கும் எட்டு உண்டா, ஆற்றிலிருந்து எத்தனை ஒழுங்கை தள்ளிப் போனால் அது அறுந்துபோகிறது என்று அளக்கலாம். மொறட்டுவையிலும் பேராதனையிலும் படிக்கும் பிள்ளைகள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். அதற்குக் கணினி அவசரமில்லை. நாகலகம் வீதியிலிருந்து தொடங்கி வீடு வீடாகப் போய், 2016இல் தண்ணீர் சுவரில் எதுவரை நின்றது என்று கேட்டு, அளவுநாடா பிடித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்.