நியோபியக் குழலுக்கு ஒரு சோதனை

 

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசர் நிலையம் 2017-இல் திறக்கப்பட்டது. எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்குமாறு முடுக்கி, அவற்றிலிருந்து எக்ஸ்-கதிர்களைப் பெறுவது அதன் பணி. அதற்கென நியோபியம் என்னும் உலோகத்தால் ஏறத்தாழ 800 குழல்கள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். ஒன்பது மணிகளைக் கோத்தாற்போன்ற வடிவம். உள்ளே நொடிக்கு 130 கோடி முறை அதிரும் ரேடியோ அலை நின்று, எலெக்ட்ரான்களை உந்துகிறது.

செம்புக் குழலில் அலையின் ஆற்றல் பெரிதும் வெப்பமாக வீணாகும். நியோபியமோ 9.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகிறது. 2 கெல்வினில், அதாவது சுழிக்குக் கீழே 271 டிகிரி செல்சியஸில், இழப்பு மிகச் சொற்பம்.

ஒவ்வொரு குழலும் சோதிக்கப்பட்டது. நான்கு நான்காகத் திரவ ஹீலியத்தில் செங்குத்தாக அமிழ்த்தி, அலையின் வலுவைப் படிப்படியாக உயர்த்தினர். மீட்டருக்கு 2 கோடியே 36 லட்சம் வோல்ட் என்பது முடுக்கிக்கு வகுத்த அளவு. சுவரில் சிறு குறை இருப்பினும் அவ்விடம் சூடேறி, மீக்கடத்தும் தன்மை குலையும். கண்ணுக்குப் புலனாகாத தூசி இருப்பின் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் தெறித்துச் சுவரில் மோதும். அங்கே எழும் எக்ஸ்-கதிரைக் கருவிகள் காட்டிக்கொடுக்கும்.

தவறிய குழல்களை எறிந்துவிட்டார்களா? இல்லை. தூய அறையில் மிகத்தூய நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவி, மீண்டும் சோதித்தனர். அவ்வாறு கழுவப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தேறின. அவற்றின் உலோகத்தில் குறையில்லை. மேலே படிந்த தூசியே தடையாயிருந்தது!

குழல்களைச் செய்தவை ஜெர்மனியிலும் இத்தாலியிலுமுள்ள இரு நிறுவனங்கள். சோதித்தோர் போலந்தின் கிராக்கோவ் நகரத்துக் குழுவினர். எவர் செய்ததாயினும் அளவுகோல் ஒன்றே.

நம் நாட்டில் இந்தூரிலும் புதுதில்லியிலும் நியோபியக் குழல்கள் செய்து சோதிக்கப்பட்டுள்ளன. இத்துறைக்கு இயற்பியல் அறிஞர் மட்டும் போதார். உலோகத்தைப் பற்றவைப்போர், வெற்றிடத் தொழில் அறிந்தோர், குளிரூட்டும் பொறியாளர் எனப் பலரும் தேவை. தொழிற்பயிற்சியும் பட்டயப்படிப்பும் பயிலும் இளைஞர்கள் இதனை உளங்கொள்ள வேண்டும்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வில் ஒருமுறை தவறிய பிள்ளையைக் கைவிடாதீர்கள். தடை எதுவெனக் கண்டு, அதை நீக்கி, மறுபடியும் தேர்வுக்கு அனுப்புங்கள்.