மாட்டுக்கு நட்சத்திரம் இல்லை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் இரவில் கார் ஓட்டுவோர், லாரிகளுக்கு அஞ்சுவதைப் போலவே, சாலை நடுத்திட்டின் அரளிச் செடிகளுக்கிடையிலிருந்து திடீரென வெளிப்படும் மாடுகளுக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. மாட்டின் எடையில் பெரும்பங்கு கால்களுக்கு மேலே இருப்பதால், தாழ்வான காரின் பம்பர் கால்களை வாரிவிட, பல நூறு கிலோ உடல் பானெட்டின் மீது சரிந்து, முன்கண்ணாடியையும் கூரையைத் தாங்கும் முன்தூண்களையும் தாக்குகிறது. மோதல் விசையை உள்வாங்கி நசுங்குவதற்கென்றே அமைக்கப்பட்ட முன்பகுதிக்கு அங்கே வேலை குறைந்துபோகிறது.

மூஸ் என்னும் நெடுங்கால் மான் மிகுந்த சுவீடனில் இதே சிக்கலை ஆராய்ந்த பொறியியல் மாணவர் மாக்னஸ் கென்ஸ், 116 ரப்பர் தகடுகளைக் கோத்து, 358 கிலோ எடையுள்ள போலி மூஸ் ஒன்றை உருவாக்கி, அதன் மீது கார்களை மோதவிட்டு, 2001இல் ஆய்வேடு அளித்தார். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குரிய இக் நோபல் பரிசு 2022இல் அவருக்குக் கிடைத்தது. பரிசுதான் வேடிக்கை, பொம்மை வேடிக்கையன்று.

கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கும் இந்தியத் திட்டமான பாரத் என்கேப், 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது வகுத்த சோதனைகளில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது நேர்மோதலும், பக்கவாட்டு மோதலும், கம்பத்தில் மோதலும் இடம்பெற்றன; மாடு இடம்பெறவில்லை. மோதல் சோதனைக் கூடம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே இருக்கும்போது, ரப்பர் மாடு ஒன்றைச் செய்து பார்ப்பது எட்டாத காரியமன்று.